உபதேசியார் இல்லாத ஊர்

விழா மலருக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் பேராயரின் வாழ்த்துச் செய்தி, அடுத்து கட்டம் போட்ட மிஷனெரிப் படங்கள், ஆயர்களின் பெயர்ப் பட்டியல், கடைசியில் நகைக்கடை விளம்பரம். இந்த மலரும் அப்படித்தான் இருக்கப்போகிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சபைகளின் மரபுகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், படமே எடுக்கப்படாத ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து நிற்கிறார். அவர்தான் கிராமத்து உபதேசியார்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1911 வரை சித்தூர், வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டுதான் சித்தூர் என்று தனி மாவட்டம் பிறந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் வந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கமே நின்றன. எல்லைக்கோட்டை அரசாங்கம் வரைந்தது, ஆனால் சபை அதற்கு முன்பே இரண்டு மொழியில் ஜெபிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை, ஒரே மணி, ஒரே ஆர்மோனியம். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இந்த மண்ணுக்கு வந்த மரபுகளில் மூத்தது கத்தோலிக்கம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடக மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு ஜேசு சபைக் குருக்கள் புங்கனூரில் இறங்கினார்கள். காவி உடுத்து, புலால் மறுத்து, சந்நியாசி வாழ்க்கை வாழ்ந்தார்கள். அவர்கள் வைத்த அளவுகோல் போதிப்பவனின் துறவு. ஊருக்குள் வருகிறவன் எப்படி உண்கிறான், எங்கே படுக்கிறான் என்று பார்த்துத்தான் ஊர் அவனுக்குக் காது கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஆற்காடு மிஷன். இலங்கைக்கும் பிறகு சென்னைக்கும் வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853-இல் இதை அமைத்தார்கள். அமெரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை இதன் தாய். வேலூரும் ஆரணியும் போலச் சித்தூரும் இதன் முதல் நிலையங்களில் ஒன்று. ஆங்கிலப் பள்ளி வைத்து ஆள் சேர்ப்பதில் ஹென்றி மார்ட்டினுக்கு நம்பிக்கையில்லை. மக்கள் பேசும் மொழியில், மக்கள் இருக்கும் ஊருக்கே போய்ப் பேசவேண்டும் என்பது அவர் பிடிவாதம். பிடிவாதம் பின்னால் தளர்ந்தது. சித்தூரில் பெண்கள் பள்ளி, மதனப்பள்ளியில் ஹோப் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி என்று எல்லாம் வந்தன. ஆனால் அடித்தளம் கிராமம்தான்.

அந்த மிஷனின் ஒரு விதியை இன்று வாசித்தாலும் யோசிக்க வைக்கும். ஓர் ஊரில் குறைந்தது மூன்று குடும்பங்களாவது சேர்ந்து வந்து கேட்டால்தான் உபதேசியாரை அனுப்புவார்கள். அந்தக் குடும்பத் தலைவர்கள் உடன்படிக்கையில் கைநாட்டு வைக்கவேண்டும்: விக்கிரக வழிபாட்டை விடுகிறோம், ஓய்வுநாளை ஆசரிக்கிறோம், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணமாட்டோம். மூன்றாவது வாக்கு இன்றைக்குக் காதில் நெருடும். ஒருவன் தட்டில் என்ன இருக்கலாம் என்று சொல்ல மிஷனெரி யார் என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், கேட்கட்டும். ஆனால் செத்த மாட்டை இழுத்துப் போடுவதும் அதைத் தின்பதும் சேரியின் கடமை என்று ஊர் விதித்திருந்த காலத்தில், அந்தக் கைநாட்டு ஊருக்குச் சொன்ன ‘முடியாது’ என்ற பதிலும்கூட. கைநாட்டு வைத்தவர்களுக்கு மறுவாரமே கூலி வேலை நின்றுபோகலாம். அப்போது சேரியில் அவர்களோடு இருந்தவர் மிஷனெரி அல்ல, உபதேசியார்.

அவர் வேலையைப் பட்டியல் போட முடியாது. பகலில் பிள்ளைகளுக்கு அ, ஆ. தெலுங்கு ஊரானால் அ, ஆ-வோடு ‘ஓனமாலு’. பொழுது சாய்ந்தால் கூலி வேலை முடித்து வந்தவர்களோடு ஜெபம். ஞாயிறு ஆராதனை. தாசில்தாருக்கு மனு எழுதுவது, காய்ச்சல் கண்டவனைக் கட்டை வண்டியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கல்யாணப் பேச்சில் நடுவில் உட்காருவது. திருவிருந்து கொடுக்க மட்டும் அவருக்கு அதிகாரமில்லை. அதற்கு ஐயர், அதாவது ஆயர், வருவார். இவர்களுக்கும் போதகர்களுக்கும் பாடம் சொல்ல 1888-இல் பலமனேரில் ஓர் இறையியல் பள்ளி தொடங்கினார்கள். அது பிறகு வேலூருக்குப் போனது. 1863 முதல் மதனப்பள்ளியில் இருந்த ஜேக்கப் சேம்பர்லின் வைத்தியமும் பார்த்தார், தெலுங்கு வேதாகமத் திருத்தப் பணியிலும் உழைத்தார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவர் ஊர் ஊராகப் போனபோது முன்னால் நடந்த உபதேசியார்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருப்பதிப் பக்கம் வேறு கதை. அங்கே வந்தவர்கள் ஜெர்மானிய லுத்தரன்கள். தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் இருந்து பழகிய ஆகஸ்ட் மிலியுஸ், ஹெர்மன்ஸ்பர்க் மிஷனின் சார்பில் 1860-களின் நடுவில் தெலுங்கு நாட்டுக்கு வந்தார். நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை, காளஹஸ்தி, திருப்பதி என்று நிலையங்கள் எழுந்தன. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு காவலில் வைத்தது; அமெரிக்காவின் ஒஹாயோ லுத்தரன்கள் பொறுப்பேற்றார்கள். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் சபை அந்த வழியில் வந்தது. லுத்தரன் அளவுகோல் ஞானோபதேசம். சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடமாகச் சொல்லாதவனுக்குத் திடப்படுத்தல் கிடையாது. ஆற்காட்டார் நடத்தையைப் பார்த்தார்கள், லுத்தரன்கள் பாடத்தைக் கேட்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் அந்தப் பரீட்சையை நடத்திக்கொடுத்தவர் உபதேசியார்.

ஆற்காட்டார் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்திய திருச்சபையிலும் சேர்ந்தார்கள். திருப்பதி லுத்தரன்கள் சேரவில்லை. அதற்கு அவர்களிடம் உபதேசக் காரணங்கள் இருந்தன. அந்த வழக்கை இங்கே திறக்கவேண்டாம்.

மற்ற இரண்டு மரபுகளையும் விட்டுவிடக்கூடாது. பஞ்சாபில் 1903-இல் பிறந்து ஐதராபாத்தின் எபிரோனை மையமாக்கிக்கொண்ட பக்த்சிங்கின் சபைகள் ஆந்திரம் முழுக்கப் பரவின. பாயில் உட்கார்ந்து ஆராதனை, சம்பளம் பெறாத ஊழியர்கள், எல்லோர் கையிலும் வேதாகமம், முடிந்ததும் அன்பின் விருந்து. வேதத்தை வாசிக்கத் தெரியாத விசுவாசி இருக்கக்கூடாது என்பது அவர்கள் அளவுகோல். பெந்தெகொஸ்தே சபைகளுக்கோ அளவுகோல் ஜெபம் கேட்கப்பட்டதா என்பதுதான். தகரக் கொட்டகை, வாடகை மாடி, ஒலிபெருக்கி. இவர்களைப் பற்றி நம் சபைகளில் ஒரு புலம்பல் நிரந்தரமாக உண்டு: “ஆட்டைத் திருடுகிறார்கள்.” பட்டிக்குக் காவல் வைத்தவனுக்குத்தான் அப்படிப் புலம்ப உரிமை. நம் கிராமத்தில் உபதேசியார் வீடு பூட்டிக் கிடந்த பத்தாவது வருடம்தான் அங்கே ‘பாஸ்டர்காரு’ வந்தார்.

வீடு ஏன் பூட்டப்பட்டது? கெட்ட எண்ணத்தால் அல்ல. மிஷன் பள்ளிக்கு அரசு உதவிச் சம்பளம் வந்தது. வாத்தியார் வாத்தியாராக மட்டும் ஆனார். பணியிடம் மாறியது, குடியிருப்பு டவுனுக்கு மாறியது. வெளிநாட்டுப் பணம் குறைந்தபோது முதலில் வெட்டப்பட்டது உபதேசியார் சம்பளம். இருந்தவர்களில் படித்தவர்கள் ஆயராக அபிஷேகம் பெற்றார்கள். ஓர் ஆயருக்குப் பல ஊர்கள் என்றாகி, மாதம் ஒருமுறை திருவிருந்து, நடுவில் யாரும் இல்லை. சபைக்கு அங்கி இருந்தது, அருகில் ஆள் இல்லை.

தடைகள் என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் வெளியே கையைக் காட்டுவார்கள். திருப்பதி கோயில் நகரம். 2007-இல் ஆந்திர அரசு திருமலையில் பிற மதப் பிரச்சாரத்தைத் தடை செய்தது. என் எண்ணத்தில் அது நமக்கு ஒரு தடையே அல்ல. யாத்திரை வந்த மக்கள் கையில் துண்டுப்பிரசுரம் திணிப்பது ஊழியமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. மலையடிவாரத்தில் வேலை கிடக்கிறது. 1954-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கு எத்தனை ஊர்ப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். ரூயா ஆஸ்பத்திரி வராந்தாவில் துணைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

சட்டத்தால் வந்த உண்மையான தடை வேறு. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. ஆந்திரத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் ‘சி’ பிரிவு. ஒதுக்கீடு 1 விழுக்காடு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். பதிவேட்டில் பெயர் எழுதவே பயப்படும் பையனை மூப்பராக நிற்கச் சொல்ல முடியுமா? இது அவன் கோழைத்தனம் இல்லை, அவன் வீட்டுக் கஞ்சி. இதைப் பிரசங்க மேடையில் கண்டிக்கிறவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை மிஷன் தயவில் படிக்கவைத்தவர்கள்.

அதைவிடப் பெரிய தடை சபைக்குள்ளேயே இருக்கிறது. சாதி. லைப்சிக் மிஷன் சாதியிடம் நெகிழ்ந்துபோனது, ஆற்காடு மிஷன் கண்டிப்பாக நின்றது என்று சரித்திரம் சொல்லும். இரண்டு வழியிலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: மாலா ஒரு பெஞ்சு, மாதிகா ஒரு பெஞ்சு, தமிழ்ப் பறையர் ஒரு பெஞ்சு, தேர்தல் வந்தால் மூன்று அணி. மொழிச் சண்டை என்று நாம் வெளியே சொல்வதில் பாதி இதுதான். இன்னொன்று நிலம். மிஷன் விட்டுப்போன காம்பவுண்டுகள் இன்று டவுன் நடுவில் கோடிக்கணக்கில் விலை போகும். இருக்கிற சக்தியெல்லாம் கோர்ட்டில் கரைகிறது.

ஒரு கமிட்டிக் கூட்டத்தில் நான் இருந்தேன். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். சுற்றுச்சுவரும் வளைவு வாயிலும் கால்மணி நேரத்தில் நிறைவேறின. அடுத்த பொருள், ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் ஜெபமும் நடத்தும் விதவைப் பெண்ணுக்கு மாதம் சிறு தொகை. “வரவு செலவு பார்த்துச் செய்யலாம்” என்று ஒத்திவைத்தார்கள். அது திரும்ப வரவேயில்லை. நானும் கை தூக்கவில்லை.

ஆற்றல் இல்லாத சபை இல்லை இது. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் ஒன்றாகத் திருவிருந்துக்கு உட்காராத மிஷன்கள் ஒன்றாக ஓர் ஆஸ்பத்திரி கட்டின: மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம், 1912-இல் தொடங்கிய கூட்டு முயற்சி, டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட்-மோலர் தலைமையில் வளர்ந்தது. 1948-இல் இந்தியாவின் பி.சி.ஜி. தடுப்பூசி வேலை தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. இன்று சித்தூர் அருகிலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வளாகம் இருக்கிறது. நம் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஓர் ஆசிரியை, பெங்களூரில் ஒரு பிள்ளை. கடப்பை மறைமாவட்டக் குருவாக 1992-இல் அபிஷேகமான பூலா அந்தோணி 2022-இல் கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கூடை மாங்காயை மூன்று மடங்கு விலைக்கு எடுக்கும் சபை இது. கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். கிராமத்தில் குடியிருக்கும் ஓர் ஆளுக்காகக் கொடுக்க மறந்துவிட்டோம்.

எல்லா மரபுகளின் அளவுகோல்களும், துறவு, நடத்தை, பாடம், வேதவாசிப்பு, ஜெபம் என்று எதை எடுத்தாலும், ஊரோடு குடியிருந்த ஒருவரை நம்பியே நின்றன. இன்று நம் அளவுகோல் கோபுர உயரம். இரண்டு மொழியும் தெரிந்த, சம்பளத்தைவிடச் சைக்கிளை நம்பிய அந்த ஆளை மறுபடி உண்டாக்காமல் எந்த மரபும் இங்கே தழைக்காது என்பது என் தீர்ப்பு.

இந்த மலரின் கடைசி இரண்டு பக்கங்களை விளம்பரத்துக்குக் கொடுக்காமல் காலியாக விடச் சொல்லிக் குழுவைக் கேட்டிருக்கிறேன். உங்கள் தாத்தாவோ பாட்டியோ உபதேசியாராகவோ, வேதப் பெண்மணியாகவோ இருந்திருந்தால், அவர்கள் பெயரையும் இருந்த ஊரையும் அந்தப் பக்கத்தில் எழுதி ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். படம் இருந்தால் நல்லது. தமிழிலும் தெலுங்கிலும் வாங்கிக்கொள்வோம்.