கைக்குப் பின்னால் வரும் முழங்கால்

1982 ஜூலை 8, ஸ்பெயினின் செவில்யா நகரம். உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் 1-1 என்று நின்ற நேரம். மாற்று வீரராகச் சற்றுமுன் உள்ளே வந்திருந்த பிரான்சின் பாட்டிஸ்டோன், பிளாட்டினி அனுப்பிய பந்தைத் துரத்தி ஓடினார். எதிரே ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷுமாக்கர் பாய்ந்து வந்தார். பாட்டிஸ்டோன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஷுமாக்கரின் இடுப்பு அவர் முகத்தில் இடித்தது. பல் உடைந்து, முதுகெலும்பில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். நடுவர் கோர்வர் கொடுத்தது கோல் கிக். ஃபவுலே இல்லை என்றான பிறகு, மோதல் பெனால்டி எல்லைக்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்ற கேள்விக்கும் இடமில்லை.

அந்தத் தீர்ப்பைக் கண்டிக்காதவர்கள் குறைவு. ஆனால் அதன் பின்னிருந்த வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. பந்து போய்விட்டது, அடிக்க வேண்டியவர் அடித்துவிட்டார், பிறகு மோதினால் அது ஆட்டத்தில் சகஜம் என்பது ஒன்று. கோல்கீப்பரின் கை முதலில் பந்தைத் தொட்டால் அதற்குப் பின் நடப்பதெல்லாம் மன்னிக்கப்படும் என்பது மற்றொன்று. இரண்டுமே விதிப்புத்தகத்தில் இல்லை. கவனக்குறைவாகவோ முரட்டுத்தனமாகவோ அளவு மீறிய பலத்துடனோ எதிராளி மேல் பாய்ந்தால் ஃபவுல் என்கிறது 12-ஆவது விதி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது சொந்தப் பெனால்டி எல்லைக்குள் அதைச் செய்தால் பெனால்டி. கோல்கீப்பருக்கு அங்கே கையால் பந்தைத் தொடும் உரிமை உண்டு. ஆளை இடிக்கும் உரிமை தரப்படவில்லை.

இந்த வழக்கத்துக்கு நியாயமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். கோல்கீப்பர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் ஆடி முடித்தார். 1958 இறுதியில் பந்தைப் பிடித்திருந்த ஹாரி கிரெக்கை லாஃப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்து வலைக்குள் இடித்துத் தள்ள, அது கோலாகவே ஏற்கப்பட்டது. 2006-இல் மண்டையோடு உடைந்த பெட்ர் செக், மீண்டு வந்து ஓய்வுபெறும்வரை தலைக்கவசத்தோடு ஆடினார். அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி எம்புகிறவரால் அந்தரத்தில் நிற்கவோ திரும்பவோ முடியாது. ஒவ்வோர் உரசலுக்கும் பெனால்டி என்றால் எந்தக் கோல்கீப்பரும் கோல் கோட்டை விட்டு வெளியே வரமாட்டார். அந்தத் துணிச்சலைக் காப்பாற்றியது இந்தச் சலுகைதான்.

ஆனால் காப்பதற்குத் தந்தது தாக்குவதற்கும் பயன்படுகிறது. எம்பும்போது ஒரு முழங்காலை மடக்கி முன்னே நீட்டு என்று கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். தற்காப்பு என்பது அதன் பெயர். அதே முழங்காலோடு ஒரு தடுப்பாட்டக்காரர் எதிராளியின் தலை மேல் பாய்ந்தால் எந்த நடுவர் சும்மா இருப்பார்? 2014 உலகக் கோப்பை இறுதி, மரக்கானா மைதானம்: ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் வெளியே பாய்ந்து வந்து பந்தைக் குத்தினார், கூடவே வந்த முழங்கால் அர்ஜென்டினாவின் இகுவயினின் தலைப்பக்கம் இடித்தது. நடுவர் ரிட்சோலி ஃப்ரீ கிக்கை இகுவயினுக்கு எதிராகவே கொடுத்தார். அடிபட்டவரே குற்றவாளியானார். கை சுத்தமாகப் பந்தைக் குத்தியது உண்மை. முழங்கால் யாரைக் குத்தியது என்று கேட்கத்தான் ஆளில்லை.

திரையில் திரும்பப் பார்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்பினார்கள், நானும் நம்பினேன். 2023 ஆகஸ்டில் ஓல்டு டிராஃபோர்டில் அது பொய்த்தது. மான்செஸ்டர் யுனைடெட் 1-0 என முன்னிலையில் இருக்க, கூடுதல் நேரத்தில் அதன் கோல்கீப்பர் ஒனானா பந்துக்காக எம்பினார். பந்து சிக்கவில்லை, வுல்வ்ஸ் வீரர் கலாய்ட்சிச் மேல் விழுந்து மோதினார். நடுவர் பெனால்டி தரவில்லை. திரைமுன் இருந்த உதவி நடுவரும் சரியென்று விட்டுவிட்டார். முறையிட்ட பயிற்சியாளர் ஓனீலுக்கு மஞ்சள் அட்டைதான் கிடைத்தது. ஆட்டம் முடிந்தபின், அது பெனால்டியாகவே இருந்திருக்க வேண்டும் என்று நடுவர்கள் தரப்பிலிருந்து ஒப்புக்கொண்டார்கள். பார்க்கத் தவறியதல்ல, பார்த்தும் பழக்கம் விடவில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2022 உலகக் கோப்பையில் மெஸ்ஸி தலையால் முட்டிய பிறகு போலந்து கோல்கீப்பர் ஷ்டென்ஸ்னியின் கை அவர் முகத்தை லேசாக உரசியது. திரையைப் பார்த்துப் பெனால்டி கொடுத்தார்கள். அதை ஷ்டென்ஸ்னி தடுத்தது வேறு கதை. நான்கில் மூன்று முறை கோலாகும் தண்டனைக்கு அந்த உரசல் ஈடாகாது.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே என்று நினைக்கிறேன். பந்து யாரிடம் இருந்தது, அடித்தாயிற்றா இல்லையா என்று பந்தைச் சுற்றியே கேட்கிறோம். இல்லையென்றால் தொட்டாரா தொடவில்லையா என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். கேட்க வேண்டியது, பாய்ந்தவர் எதிராளியின் உடலுக்கு என்ன ஆபத்தை உண்டாக்கினார் என்பதை. அப்படிக் கேட்டால் ஷ்டென்ஸ்னி தப்புவார். ஒனானாவும் நோயரும் பெனால்டியிலிருந்து தப்பமாட்டார்கள்.

ஷுமாக்கருக்குச் சிவப்பு அட்டை விழுந்திருக்கும். அன்றைய ஆட்டம் 3-3 என முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. பிரான்சின் சிக்ஸ், போஸ்ஸிஸ் இருவரின் உதையையும் தடுத்து ஜெர்மனியை இறுதிக்கு அனுப்பியவர் ஷுமாக்கர்.