கட்டத்திரையும் மலையக உருவமும்: சிற்பி புஷ்பமாலாவின் புனைவொளிப்படங்கள் குறித்து ஒரு நோக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் பாதைக்கு ஒளிப்பட வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கஞ்செய்யப்பட்டார். கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்ட குடும்பம் அவருடையது. இங்கிலாந்தில் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கன்னிமரியாளின் கோலம் புனைந்து படமெடுத்த அவர், இங்கே உழைப்பாளர்களையும் கிராமத்தவர்களையும் தம் கருவிமுன் நிறுத்தினார். கன்னிமரியாளாக நின்ற பணிப்பெண்ணின் பெயரை வரலாறு அறியும். இலங்கைப் படங்களில் நின்றோர் பெரும்பாலும் பெயரின்றியே எஞ்சினர். புனைவு கலைக்கு இழுக்கன்று. ஆயின், யார் யாரைப் புனைகின்றனர் என்ற வினாவைத் தவிர்த்து அக்கலையை மதிப்பிடல் இயலாது.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலாவின் ஆக்கங்கள் இவ்வினாவையே பொருளாகக் கொண்டவை. 1956இல் பிறந்து, பரோடாவில் சிற்பம் பயின்ற அவர், பின்னர் தம் உடலையே சிற்பப் பொருளாக்கி ஒளிப்படத் துறைக்கு வந்தார். கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய ‘தென்னிந்தியாவின் சுதேசப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ என்ற தொடரில் ரவிவர்மாவின் ஓவியப் பெண், தமிழ்த் திரைப்படத்தின் சவுக்கேந்திய நாயகி, தோடர் பெண் ஆகிய யாவரும் அவரே.

இவற்றுள் தோடர் பெண்ணின் படம் தனித்து நோக்கற்பாலது. 1869இல் லாம்ப்ரே என்பார், மனித உடலை அளந்து ஒப்பிடுதற்பொருட்டு, இரண்டு அங்குலச் சதுரங்களாக நூலிழுத்த சட்டத்தின் முன் மனிதரை நிறுத்தும் முறையை வகுத்தார். குடியேற்ற ஆட்சியின் மானிடவியலாளர் இதனையொத்த கட்டத்திரைகளைக் கையாண்டனர். மனிதன் ஈண்டு ஓர் அலகாகின்றான். ஒருவனுக்குப் பதில் இன்னொருவனை நிறுத்தலாம். புஷ்பமாலா அதே திரையை மீளக் கட்டி, அதன்முன் தாமே நிற்கிறார். அறிவியல் என நம்பவைத்தது நாடக மேடையே என்பது அம்பலமாகின்றது. இத்தொடரின் வெற்றி இதுவே.

இதன் எல்லையும் இங்கேயே உள்ளது. கல்விகற்ற நகரக் கலைஞர் தோடர் கோலத்தைக் களைந்துவிட்டு வீடு திரும்பலாம். திரைமுன் முதலில் நிறுத்தப்பட்டவளுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. பகடி ஆதிக்கத்தின் பொறிமுறையைக் காட்டுகிறது. அதனுட் சிக்குண்டவரின் குரலை அது மீட்டுத் தருவதில்லை.

மலையகத்திற்கு இவ்வேறுபாடு முக்கியமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் ஒன்றையொன்று ஒட்டி நீளும் லயமும் ஒரு கட்டத்திரையே; குடும்பத்தை அலகாக்கிய கட்டடம் அது. கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண் தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் உலவினாள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவளது சமூகத்தவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. படத்தில் இடம், பதிவேட்டில் இடமில்லை. இம்முரண்பாட்டை மறைத்ததே அப்புன்னகையின் மாயத்தோற்றம்.

ஹட்டன் பகுதித் தோட்டச் சூழலிலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலை வடிகளையும் தேயிலைப் பைகளையும் தம் கலைக்குப் பொருளாகக் கொண்டிருப்பது இப்பின்னணியிற் கருதத்தக்கது. அன்றாடப் புழங்குபொருள் அலகாகி அடுக்கப்படும்போது, திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பே வடிவமாகின்றது. இங்கே கலைஞர் களைந்தெறியக்கூடிய வேடம் எதுவுமில்லை. எனினும், கலைக்கூடத்தின் வெண்சுவர் அவ்வடுக்கை வெறும் அழகாகச் செரித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

புனைவொளிப்படத்திலும் அடுக்குச் சிற்பத்திலும் உத்தியின் புதுமை மட்டும் முற்போக்காகிவிடாது. சட்டகத்தை மறைக்காது காட்டுதல் முதற்படி. சட்டகத்துள் நின்றவர் தாமே அதனைக் கையிலெடுத்தல் அடுத்த படி. புஷ்பமாலா முதற்படியைத் திறம்பட நிறைவேற்றினார். இரண்டாவதை மலையகக் கலைஞர்களே நிறைவேற்ற வேண்டியுள்ளது.