காட்டுக்கு எந்தக் கத்தி?

இணையக் கடைகளில் 'சர்வைவல் கத்தி' என்று தேடிப் பாருங்கள். கறுப்பு அலகு, முதுகில் பல்வரிசை, கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் ஊசி நூலும், பிடியின் மூடியில் ஒரு திசைகாட்டி. 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்துக்காக ஆர்கன்சாவின் ஜிம்மி லைல் செய்து கொடுத்த கத்தியின் வாரிசுகள் இவை. லைல் கைதேர்ந்த கத்திக் கொல்லர். அவர் செய்தது உருப்படியான கத்தி. வாரிசுகள் அப்படியில்லை. பிடி வெறும் குழாய் என்பதால் அலகின் வால் உள்ளே இறங்க இடமில்லை. குட்டையாக ஒரு தண்டை நீட்டி நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். பெயர் வேண்டாம், அப்படி ஒன்றை வாங்கி மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைப் பிளந்து பார்த்தேன். சில அடிகளிலேயே அலகு தனி, பிடி தனி. முதுகிலிருந்த பற்கள் ஈர மரத்தைப் பிறாண்டின, அறுக்கவில்லை. இந்த ரகத்துக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

மிச்சம் நான்கு: சுவீடனின் மோரா கம்பேனியன் கத்தி, பாக்கோ லாப்லாண்டர் மடக்கு ரம்பம், விக்டோரினாக்ஸ் ஃபார்மர் மடக்குக் கத்தி, நம்மூர்க் கொல்லுப்பட்டறையில் லாரிப் பட்டையை அடித்துச் செய்த வெட்டரிவாள். சோதித்த இடம், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு நண்பரின் காப்பித் தோட்டம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக், ஓரத்தில் மூங்கில், வேலியை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி, மேலே ஐப்பசி மழை. நம் பக்கத்துக் காட்டில் ஒருவன் மாட்டிக்கொண்டால் கையில் கிடைக்கப்போவது இந்த மாதிரிச் சரக்குதான்.

ஏன் நிஜக் காட்டுக்குப் போகவில்லை என்றால், சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்று பட்டியலிடுபவற்றில் துப்பாக்கி, வில்லோடு கத்தியும் இருக்கிறது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். வனத்துறை நடத்தும் மலையேற்றத்துக்குப் பதிவு செய்துவிட்டு இடுப்பில் கத்தியோடு போய் நின்றால் சோதனைச் சாவடியிலேயே கதை முடிந்துவிடும். வெளியிலும் ஒரு வரம்பு உண்டு: ஆயுதச் சட்ட விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்தவை விலக்கு. தோட்டத்தில் அரிவாள் விவசாயக் கருவி. அதையே பேருந்து நிலையத்தில் பைக்குள் வைத்திருந்தால் காவலர் அப்படிப் பார்க்க மாட்டார்.

எனக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான்கில் முதலிடம் கத்திக்கு இல்லை, ரம்பத்துக்கு.

லாப்லாண்டரின் அலகு 19 சென்டிமீட்டர். எடை கால் கிலோவுக்கும் குறைவு. மடக்கினாலும் விரித்தாலும் பூட்டு விழும். ஓங்கி வெட்டும்போது நம் பலத்தில் பெரும்பகுதி மரத்தைச் சிதைக்கவே செலவாகிறது. ரம்பம் எடுப்பது பல்லின் அகலத்துக்கு ஒரு கோடு மரத்தூள், அவ்வளவுதான். மணிக்கட்டுப் பருமன் சில்வர் ஓக் கிளையை நிதானமாக இழுத்து அறுத்தேன். மூச்சு வாங்கவில்லை. அறுத்த முகம் தட்டையாக இருந்ததால் கட்டையை அப்படியே நிமிர்த்தி வைத்துப் பிளக்க முடிந்தது. பசியிலும் களைப்பிலும் கை நடுங்கும் ஒருவனுக்கு வீசி வெட்டும் எந்தக் கருவியும் ஆபத்து. ரம்பம் குறி தவறினால் விரல் தோல் போகும், அரிவாள் குறி தவறினால் முழங்கால் போகும்.

ரம்பத்துக்கும் சில நுணுக்கங்கள் உண்டு. தொங்கும் கிளையை மேலிருந்தே அறுத்தால் பாதியில் முறிந்து பட்டையோடு உரிந்து வரும். அடிப்பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலே போக வேண்டும். இரண்டு முனையும் தாங்கலில் கிடக்கும் கட்டை நடுவில் அறுபட அறுபட உள்வாங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது முரட்டுத்தனமாகத் தள்ளினால் அலகு வளையும், சில சமயம் ஒடியும். இழுக்கும்போது அழுத்தம், தள்ளும்போது தளர்வு என்று கைக்குப் பழக்கிவிட்டால் போதும். குறை என்று பார்த்தால், காட்டில் வைத்து இதன் பல்லைத் தீட்ட முடியாது. கூர் போனால் அலகையே மாற்ற வேண்டியதுதான். தொடைப் பருமன் மரத்திடமும் இது போகக் கூடாது. ஆனால் தப்பிப் பிழைக்க நினைப்பவனுக்குத் தொடைப் பருமன் மரத்தில் என்ன வேலை?

தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் மோராவைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெங்காயம் அரியிறதுக்கா?" என்றார். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுவீடனின் டாலர்னா பகுதியில் மோரா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் கத்தித் தொழிலின் இன்றைய வடிவம் இது. அலகு 10 சென்டிமீட்டர் சொச்சம், தடிமன் 2.5 மில்லிமீட்டர், பிளாஸ்டிக், ரப்பர் கலந்த பிடி, பிளாஸ்டிக் உறை. பளபளப்பு எதுவும் கிடையாது. இதன் சூட்சுமம் கூர்ச்சரிவில் இருக்கிறது. அலகின் பாதி உயரத்திலிருந்து வாய் வரை ஒரே தட்டையான சரிவு, நடுவில் இரண்டாவது சரிவு இல்லை. மரத்தின் மேல் அந்தச் சரிவைப் படியவைத்துத் தள்ளினால் கத்தி தானாக வழி பிடித்துக்கொண்டு சீவும். தீட்டுவதும் அதனால் எளிது. சரிவு முழுவதையும் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் தானே அமைந்துவிடும். வீட்டில் சாணை பிடித்துப் பழக்கமில்லாதவர்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

மழையில் தீ மூட்டும் வேலையில்தான் இந்தச் சின்னக் கத்தி தன்னைக் காட்டியது. நாலு நாள் நனைந்த மரமும் உள்ளே காய்ந்திருக்கும், நிற்கும் நிலையிலேயே பட்டுப்போன மரமாக இருந்தால். ரம்பத்தால் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டுகளாக அறுத்து, நிமிர்த்தி வைத்து, கத்தியை மேலே குறுக்காகப் பதித்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் பிளக்கிறது. கட்டையின் குறுக்களவு கத்தி நீளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், கத்தியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தானே அதில் அடிக்க முடியும்? பிளந்த துண்டின் உள்பக்கத்தை நுனிவரை சீவி, சீவலைக் கழற்றாமல் சுருள் சுருளாக விட்டால் அதுவே பற்றவைக்கும் பஞ்சு. அரிவாளால் இந்தச் சுருளை எடுக்க முயன்றேன், எல்லாம் சிலாம்புதான். பெரியவரும் முயன்றுவிட்டுச் சிரித்தார். வெங்காயப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் இந்தக் கத்தியின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடவில்லை. நெம்புவதற்கோ பாறை இடுக்கில் குத்துவதற்கோ செய்ததல்ல. அப்படி ஒரு வேலை வருமென்று நினைத்தால் இதே குடும்பத்தில் தடித்த அலகுள்ளது இருக்கிறது, எடையும் கூடும். துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்ற கேள்வி வரும். கார்பன் எளிதாகத் தீட்டு ஏறும், நம் மேற்குமலை ஈரத்தில் ஒரே இரவில் செம்புள்ளி விழும். நான் துருப்பிடிக்காததையே சொல்வேன்.

கூர் என்பது அலங்காரம் இல்லை என்பதற்கு 2003இல் யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் நடந்தது சாட்சி. விழுந்த பாறைக்கும் சுவருக்கும் நடுவே கை மாட்டிக்கொண்ட ஏரன் ரால்ஸ்டனிடம் இருந்தது மழுங்கிய சின்னப் பலபயன் கருவி. பாறையைக் கொத்திப் பார்த்ததில் இருந்த கூரும் போயிற்று. அந்த அலகு எலும்பில் இறங்காது என்பதால் கையை முறுக்கி எலும்பை முறித்த பிறகே தசையை அறுக்க முடிந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு உயிரோடு வெளியே வந்தார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படம் அந்தக் கதைதான். படத்தைப் பார்த்துவிட்டு மன உறுதியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். எனக்குத் தீட்டுக்கல் ஞாபகம்தான் வந்தது.

ஃபார்மரை வேகமாக முடித்துவிடலாம். 1884இல் கார்ல் எல்சனர் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை வைத்தார், 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார், அந்தப் பரம்பரை. அலுமினியப் பிடி, ஒரு அலகு, ஒரு குட்டி ரம்பம், துளையிடும் ஊசி, டப்பா திறப்பான். கட்டைவிரல் பருமனை அந்தக் குட்டி ரம்பம் அநாயாசமாக அறுக்கிறது. ஊசியால் செருப்பு வாரையும் பையின் பட்டையையும் தைக்கத் துளை போடலாம். அலகுக்குப் பூட்டு கிடையாது, குத்தும் விசையில் மடங்கி விரலில் விழும். எப்போதும் சட்டைப்பையில் இருக்கக்கூடியது என்பதுதான் இதன் பெருமை. மற்ற மூன்றும் முகாமில் கிடக்க, நீங்கள் தண்ணீர் தேடிப் போய் வழி தவறினால் கையில் மிஞ்சுவது இது ஒன்றே.

இப்போது அரிவாள். லாரிப் பட்டை நல்ல எஃகு, அதிர்ச்சி தாங்கும். கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, வாய்ப்பக்கத்தை மட்டும் பதம் பார்த்துத் தோய்த்து எடுத்தால் வாய் கெட்டியாகவும் முதுகு ஒடியாமலும் இருக்கும். முழுக்கக் கெட்டியாக்கினால் முடிச்சு விழுந்த மரத்தில் வாய் சில்லு சில்லாகப் பெயரும். வாங்கும்போது அரத்தால் வாயை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் கெட்டி அதிகம், மெழுகு மாதிரி மளமளவென்று தின்றால் பதமே இல்லை. கொஞ்சம் முரண்டுபிடித்துக் கடிக்க வேண்டும்.

உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தபோது மோராவும் ரம்பமும் வேடிக்கை பார்த்தன. பெரியவர் அரிவாளின் வளைந்த மூக்கால் முள்தண்டுகளை வளைத்துத் தன் பக்கம் இழுத்து, இழுபட்ட தண்டின் அடியில் ஒரு வெட்டு, அடுத்ததற்கு நகர்வு. அந்த மூக்கு இன்னொன்றும் செய்கிறது: தரையோடு வெட்டும்போது கல்லில் முதலில் அது இடிக்கும், வாய் தப்பிக்கும். மூங்கிலிலும் அரிவாளே ராஜா. சாய்வாக வெட்டிச் சாய்த்து, நுனியில் வாயைப் பதித்துக் கணுக்கணுவாகப் பிளந்து, கூரைக்கு வரிச்சலும் கட்டுவதற்கு நாரும் அவர் எடுத்த வேகத்துக்கு என் ரம்பம் ஈடுகொடுக்கவில்லை. ஆனால் குலையாக நிற்கும் மூங்கிலில் ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து விசையோடு இருக்கும். வெட்டியதும் அடிமுனை மார்புக்கு நேராகத் துள்ளும். பக்கவாட்டில் நின்றுதான் வெட்ட வேண்டும். தெரியாத பச்சை மரத்தை எதனால் வெட்டினாலும் பாலைத் தொடாதீர்கள். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளித்துப் போகும்.

அவர் கையில் அது கைவிரல் மாதிரி ஓடியது. என் கையில் ஓடவில்லை. இந்தக் கருவியின் மதிப்பெண் அதைப் பிடிப்பவரைப் பொறுத்தது. சின்ன வயதிலிருந்து வேலி கழித்தவர்களுக்கு அரிவாள் ஒன்றே போதும், மற்றது எல்லாம் உபரி. நகரத்தில் வளர்ந்து வார இறுதியில் மலையேறும் நமக்கு அது கடைசித் தேர்வு.

கோடாலியை நான் சேர்க்கவேயில்லை. கனடாவின் வடகாடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்த மோர்ஸ் கோசான்ஸ்கி கோடாலியை முதன்மைக் கருவியாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போகும், விடிய விடியப் பெருந்தீ வேண்டும், நேரிழை ஓடும் பைனும் ஸ்புரூஸும் ஒரே அடியில் பிளக்கும். மேற்கு மலையில் இரவைக் கழிக்க வேண்டியது கூரையும் சின்னத் தீயும். போர்னியோவில் பராங், லத்தீன் அமெரிக்காவில் மச்செட்டி, நம்மிடம் அரிவாள் என்று மழைக்காடுகள் தமக்கான இரும்பைத் தாமே தேர்ந்தெடுத்திருக்கின்றன. குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கைக்கோடாலி வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வாங்கியே தீருவேன் என்றால் முட்டிபோட்டு உட்கார்ந்து வெட்டுங்கள். குட்டைக் காம்பு குறி தவறும்போது நின்றவன் காலில்தான் போய் இறங்கும்.

கத்தியால் சீவும்போது முழங்கையை முட்டியில் ஊன்றி, முட்டிகளுக்கு வெளியே சீவுங்கள். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவும் பழக்கம் பலருக்கு உண்டு. உள்தொடையின் தமனி அறுந்தால் மலைமேல் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் இருக்காது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக் கூடாது. வெட்டு விழுந்துவிட்டால் துணியை மடித்து நேராக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

பராமரிப்புக்கு இரட்டை முகச் சாணைக்கல் ஒன்று, அரிவாளுக்கு ஒரு அரம், துடைத்த பின் தடவத் துளி எண்ணெய். தோலுறை அழகாக இருக்கும், மழையில் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகைத் துருவாக்கும். மோராவின் உறையில் தண்ணீர் வடிய அடியில் ஓட்டையே வைத்திருக்கிறார்கள்.

வாங்கும் வரிசை இப்படி: முதலில் மடக்கு ரம்பம், அடுத்து மோரா, மூன்றாவதாகச் சட்டைப்பைக்கு ஃபார்மர். அரிவாளைக் கடையில் தொங்குவதில் எடுக்காமல் பட்டறைக்கே போய்ச் சொல்லிச் செய்யுங்கள். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை உங்கள் அளவைக் காட்டுங்கள், அலகு அதைத் தாண்ட வேண்டாம். காம்பைப் பூண் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், வார்னிஷ் வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும்.