கொல்லிமலைக்கு எந்த நூலகம்?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. 1948இல் அன்றைய சென்னை மாகாணம் அதை நிறைவேற்றியபோது கல்வியமைச்சராக இருந்தவர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். அதற்கு முன் இருபது ஆண்டுகள் இடைவிடாமல் போராடியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின் பெரிய பலம் நூலக வரி. சொத்துவரியோடு சேர்த்து வசூலாகும் இந்த வரி இன்று ரூபாய்க்கு 10 காசு. நூலகம் எந்தக் கொடையாளியின் தயவுக்கும் காத்திருக்க வேண்டாம், மக்கள் கட்டும் வரியே அதை நடத்தும் என்பது அன்றைக்குத் துணிச்சலான முடிவு. மாநிலத்தில் இன்று இயங்கும் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்கு அதுதான் அடித்தளம்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற ஓர் இடத்தில் நின்று பார்க்கும்போது இந்த ஏற்பாட்டின் அருமையும் குறையும் ஒருசேரத் தெரிகின்றன. மலைவீடுகளுக்கு விதிக்கப்படும் வரி சொற்பம். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நம்பினால் அலமாரிகூட வாங்க முடியாது. ஆனால் வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்கிறது. கோழிப்பண்ணையாலும் லாரித் தொழிலாலும் வளர்ந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு கட்டும் காசில் மலைக்கும் பங்கு கிடைக்க வழியிருக்கிறது. சட்டத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளாட்சிகள் வசூலித்த வரியை நூலகத்துக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கும் பழக்கம் மாநிலம் முழுவதும் உண்டு. அந்த நிலுவையின் சுமை கடைசியில் வந்து விழுவது, கேட்பாரில்லாத ஊர்களின் மேல்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் இந்த மலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என இங்கே ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர். 14 ஊராட்சிகள், 200க்கும் மேற்பட்ட சிற்றூர்கள். ஒரு சிற்றூருக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடையும் மேடும் காப்பித் தோட்டமும் கிடக்கும். சமவெளியில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்றால் அது நடந்துபோகும் தூரம். இங்கே அதே கணக்கு, பாதி நாள் கூலியை இழக்கும் தூரம்.

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இந்தத் தூரத்தைக் குறைக்க நினைத்தது. ஐந்தாண்டுகளில் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகம் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. அவ்வளவு பரந்த நோக்கத்தோடு கிராம வாசிப்பைப் பற்றி யோசித்த திட்டம் தமிழகத்தில் வேறொன்று இல்லை என்றே சொல்வேன். கட்டடமும் முதல் தவணைப் புத்தகமும் வந்தன. ஆனால் அவை ஊராட்சியின் சொத்து. நூலகத் துறையின் பயிற்சி பெற்ற நூலகர் அங்கே இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சிறு மதிப்பூதியம் கொடுத்துச் சாவியை ஒப்படைத்தார்கள். ஆட்சி மாறியதும் கவனம் போயிற்று. பல ஊர்களில் பூட்டு விழுந்தது. கட்டடத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை ஆளுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆள்தான் முக்கியம் என்பதற்குப் பக்கத்து மாநில மலையிலேயே சான்று இருக்கிறது. கேரளத்தின் இடமலைக்குடியில், காட்டுக்குள் நடந்தே போகவேண்டிய முதுவர் பழங்குடிக் குடியிருப்பில், ஒரு தேநீர்க் கடைக்காரர் 160 புத்தகங்களை வைத்து நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். மலையாள எழுத்தாளர்கள் பஷீரும் எம்.டி.யும் அங்கே சாக்குப்பைகளில் இருந்தார்கள். யார் எதை எடுத்தார் என்ற பதிவேடும் ஒழுங்காக இருந்தது. அங்கே இருந்ததெல்லாம் அடுப்பும், வந்துபோகிறவர்களும், அவர்களை அறிந்த ஒரு மனிதரும்தான். ஆயினும் இதை முன்மாதிரி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு தனிமனிதரின் அர்ப்பணிப்பைக் காட்டி அரசு கையைக் கட்டிக்கொள்ள இது இடம் தரக்கூடாது.

இன்று தமிழக நூலகங்களின் முகம் மாறிவருகிறது. கதைப் புத்தகம் தேடி வருபவர்களைவிடப் போட்டித்தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்களே காலையில் முதலில் இடம்பிடிக்கிறார்கள். நகராட்சிகள் கட்டும் அறிவுசார் மையங்களும் அவர்களை மனத்தில் வைத்தே எழுகின்றன. இதை இழிவாகப் பேசும் இலக்கிய நண்பர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளைக்கு மின்விசிறியும் மேசையும் அமைதியும் கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றுதான். அதிலும் மலைப் பிள்ளைக்கு அரசு வேலை என்பது குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றுவது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர் தன் வழிகாட்டி நூலைத் தானே கொண்டுவருகிறார். அவருக்கு வேண்டியது நாற்காலி. நாற்காலியை மட்டும் தரப் பழகிய நூலகம், மரவள்ளி பிடுங்கும் பெண்ணையும் பள்ளியை விட்டு நின்ற பையனையும் கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறது.

அலமாரியில் இருப்பவையும் கேள்விக்குரியவை. நூலகத் துறை பெருமளவில் மையமாக வாங்கிப் பகிர்ந்தளிக்கும் முறையால் சிறு பதிப்பகங்கள் பிழைத்தன, சிற்றூருக்கும் புதிய நூல் போயிற்று. இது மறுக்க முடியாத நன்மை. ஆனால் அதே பட்டியல் கடற்கரைக்கும் மலைக்கும் ஒன்றாகப் போகிறது. வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் புலவர்கள் பாடிய இடம் இது. இம்மலைப் பழங்குடிகளின் வாழ்வை வைத்து, இதே மாவட்டத்துக்காரரான கு. சின்னப்ப பாரதி ‘சங்கம்’ நாவலை எழுதினார். அந்த நாவல் மலையின் ஒவ்வொரு நாட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாமா? காஞ்சியிலிருந்து வந்தோம் என்று மலையாளிகள் சொல்லும் தோற்றக்கதையை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன் எழுதிவைத்தார். சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தம் குரலில் பதிந்துவைக்க ஓரிடம் இன்றும் இல்லை. மலை நூலகம் நூல் கொடுப்பதோடு நிற்காமல், மலை சொல்வதை வாங்கியும் வைக்க வேண்டும்.

இது கற்பனை இல்லை. மரவள்ளியும் சேகோ ஆலைகளின் தேவையும் சாமை, தினை, கேழ்வரகு வயல்களை விழுங்கத் தொடங்கியபோது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஊர்களில் விதை வங்கிகளை அமைக்கத் துணைநின்றது. விதையை வாங்கி விதைத்து, அறுவடைக்குப் பின் திருப்பித் தரும் முறை. எந்த விதை எந்தச் சரிவுக்கு ஆகும் என்பதைப் பாட்டிமார்தான் சொன்னார்கள். இரவல் கொடுப்பதும் திருப்புவதும் அறிவைப் பேணுவதும் இம்மக்களுக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்; ரங்கநாதனின் ஆதரவு அதற்கு இருந்தது. வாசகரைத் தேடிப் போகும் அந்தப் பழக்கம் துறைக்கு அந்நியமல்ல. நடமாடும் நூலகங்கள் உண்டு, ஆனால் மிகச் சில. வீட்டுக்கே நூல் கொண்டுபோகும் நூலக நண்பர்கள் திட்டமும் உண்டு. கொல்லிமலைக்கு இன்னொரு கட்டடம் கேட்பதைவிட இவற்றை மலையேற்றக் கேட்பதே சரி. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் வாழையும் அன்னாசியும் கொண்டுவருகிறவர்கள் கூடும் நாளில் அங்கேயே ஒரு வண்டி நிற்கட்டும். ஒவ்வொரு நாட்டிலும் படித்த மலைப்பெண் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவருக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சில நூறு ரூபாய் தராமல், நூலக வரியிலிருந்து மாதச் சம்பளம் தர வேண்டும்.