இடப்பெயரும் உச்சரிப்பும்: தீவகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்து இடப்பெயராய்வு நீண்டகாலமாகச் சொற்பிறப்பு விசாரணையாகவே நடைபெற்று வந்துள்ளது. 1916இல் ஹோர்ஸ்பர்க் என்னும் குடியேற்ற ஆட்சி அதிகாரி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிங்கள இடப்பெயர்கள் பற்றி எழுதினார். 1918இல் எஸ். டபிள்யூ. குமாரசுவாமி வட மாகாணத்து இடப்பெயர்கள் சிலவற்றின் வரலாற்றை நூலாக்கினார். இவர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இத்துறையிற் பின்வந்தோர் பலரையும் பற்றிநின்ற வினா ஒன்றே: இப்பெயர் எம்மொழிக்குரியது, எனவே இந்நிலம் முதலில் எவர்க்குரியது? அப்பெயரை வாயாற் சொல்லும் மனிதர் எவர், அவர் சொல்லும் முறையைச் 'சரி' என்றோ 'பிழை' என்றோ தீர்ப்பவர் எவர் என்னும் வினா உரிய கவனத்தைப் பெறவில்லை. அதனையே ஈண்டு நாம் நோக்க முனைகின்றோம்.

ஊர்காவற்றுறையை முதலில் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சிசெய்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவில் உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் ஆணை. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்காயின் பாதிக்குப் பாதி. இத்துறையே சிங்களத்தில் ஊராதொட்ட எனப்படுகிறது. 'ஊரா' என்பதைப் பன்றி எனக் கொண்ட பாளி நூலார் அதனைச் சூகரதித்த என மொழிபெயர்த்தனர். இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து 'கைற்ஸ்' பிறந்தது. காவல் என்னும் பொருள் வெளிப்படத் தோன்றும் 'ஊர்காவற்றுறை', கேட்போர் தமக்கு விளங்கும் வகையில் ஊராத்துறைக்குத் தந்த வடிவம் எனக் கொள்வதே பொருத்தமாகும். வணிகம், மடாலயம், கோட்டை, கந்தோர், பள்ளிக்கூடம் என ஒவ்வொரு நிறுவனமும் ஒரே துறைக்குத் தன் ஒலியைச் சூட்டியிருக்கின்றது.

இச்சொல்லின் 'ற்று' யாழ்ப்பாணத்தார் வாயில், நாநுனி பல்முகட்டை ஒற்றிப் பிறக்கும் இரட்டை வெடிப்பொலியாகும். மலையாளத்திலும் அவ்வொலியே உண்டு. தமிழகத்தாரோ அதனைப் பெரும்பாலும் 'ட்ரு' என்பதற்கு அண்மையில் ஒலிப்பர். இவ்வேறுபாடு எழுத்திலும் விளைவுகளை உண்டாக்கியுள்ளது. ஆங்கில ரகரமல்லாத வெடிப்பொலியைக் குறிக்கத் தமிழகத்தார் டகரத்தை நாட, ஈழத்தார் றகரத்தையும் ரகரத்தையும் நாடினர். டெல்ஃப்ட் இங்கு 'டெல்வ்ற்' ஆயிற்று. டொராண்டோ 'ரொறன்ரோ' ஆயிற்று. தமிழக வாசகர் இதனை எழுத்துப்பிழை என்று நகைப்பதுண்டு. தம் செவிக்குக் கேட்ட ஒலியைத் தம் ஒலியமைப்பிற்கு இயையப் பதிந்த ஒழுங்கு அது என்பதை அவர்கள் உணர்வதில்லை.

இந்நகைப்பு எம்மைப் புண்படுத்துகிறது. அது நியாயமே. ஆனால் அதே அளவுகோலைக் கையிலெடுத்துக் குடாநாட்டுப் படித்தவர் தீவுப்பகுதியாரின் பேச்சை அளந்து வந்திருக்கின்றனர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 'தீவான்' என்னும் சொல் வெறும் புவியியற் குறிப்பன்று. அது ஒரு சமூகத் தீர்ப்பு. 1960களின் முற்பகுதியில் முற்போக்கு எழுத்தாளர் மக்கள் பேச்சைக் கதைகளிற் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தமை இலக்கிய வரலாறு. அவ்விவாதத்தில் மக்கள் பக்கம் நின்ற ஆய்வுலகமும், ஊர்ப்பெயர் என்று வருமிடத்துப் பேசுவோன் வாயைவிட ஏட்டையே நம்பியது. இஃது எமது முரண்பாடு.

நெடுந்தீவின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். போர்த்துக்கேயர் அதனைப் பசுத்தீவு என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஆள வந்தவன் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கால்நடையே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரப் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. இவை பெரும்பாலும் பழைய தேசப்படங்களோடு மறைந்தன. டெல்வ்ற் மட்டும் ஆங்கிலேயர் காலத்தையும் கடந்து, இன்றும் ஆங்கில அரச ஆவணங்களில் நிலைக்கின்றது. ஆயினும் தமிழில் அத்தீவு நெடுந்தீவாகவே நின்றது. அரசு காகிதத்திலும் மக்கள் நாவிலுமாக ஒரே நிலம் இரு பெயர் தாங்கி வாழ்கின்றது.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் ஒரே படகில் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும் நாகவிகாரைக்குச் செல்வோரும் அமர்ந்திருப்பர். முன்னவர்க்கு அது நயினாதீவு, பின்னவர்க்கு நாகதீப. இரு ஒலிகளும் அருகருகே வாழ்வதில் இயல்பான பகைமை எதுவுமில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர்ப் போல, அரசு ஒரு மொழிக்கு மட்டும் அதிகாரம் அளிக்குமிடத்தே பெயர்ப்பலகை போர்க்களமாகின்றது.

இவ்வாறு கூறுவதனாற் பேச்சுவடிவம் யாவும் தொன்மையானவை என்றோ, ஏட்டுவடிவம் யாவும் போலியானவை என்றோ நாம் வாதிடவில்லை. மேற்கண்டவாறு, மக்களும் தமக்கு விளங்காத பெயருக்குப் புதுப்பொருள் கற்பிப்பர். எமது வேண்டுகோள் வேறு. 1990களின் தொடக்கத்திற் போரினால் தீவகத்தார் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல்கடந்தனர். ரொறன்ரோவிற் பிறந்த அவர்தம் பேரப்பிள்ளைகள், பாட்டன் ஊரை ஆங்கில எழுத்துக்கூட்டிலிருந்து வாசித்தறியும் நிலை தோன்றியுள்ளது. துறைகளையும் வயல்களையும் குளங்களையும் படகோட்டியும் மீனவரும் பனைத்தொழிலாளியும் எவ்வாறு ஒலித்தனர் என்பதை, அவர்கள் வாய்மொழியிலேயே ஒலிப்பதிவு செய்து வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும். எது சரியான உச்சரிப்பு என்று அவர்களுக்குக் கற்பிக்கப் புறப்படுமுன், அவர்கள் சொல்வதைக் கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.