நிறத்தை விடுங்கள், துடுப்பைப் பாருங்கள்

திருக்கோவிலூரில் மீன்கூடையில் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும், வீட்டுத் தொட்டியில் விரல் நீளத்துக்கு மினுங்கும் ராமிரெசியும் ஒரே சிக்லிட் குடும்பம். அந்தக் குடும்பத்துக் குட்டை மீன்களை இனம் பிரித்துப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. கடை விளக்கில் நிறம் ஏமாற்றும். துடுப்பு அவ்வளவு லேசில் ஏமாற்றாது. அப்பிஸ்டோகிராமா பேரினத்து அகாசிசி ஆணின் வால் வேல்நுனி போலக் கூர்ந்து முடியும். அதே பேரினத்துக் ககாட்டுவாய்ட்ஸ் ஆணுக்கோ வால் இரண்டு முனையாகப் பிரியும், முதுகுத்துடுப்பின் முன்கதிர்கள் உயர்ந்து நிமிரும். ராமிரெசியா, பொலிவியன் ராமா என்று குழம்பினால் விலாவின் கரும்புள்ளியைப் பாருங்கள். ராமிரெசிப் பெண்ணின் புள்ளிக்குள் நீலப்பொட்டுகள் சிதறிக் கிடக்கும், மற்றதில் இராது.

நம் தென்னிந்தியாவின் ஆரஞ்சு குரோமைடு தனி அழகு. அதன் குதத்துடுப்பில் 12 முதல் 15 முட்கள். அமேசான் பக்கத்து அப்பிஸ்டோகிராமாவுக்குப் பெரும்பாலும் 3தான். குரோமைடின் தோலில் ஊறும் கோழையைக் குஞ்சுகள் கொத்தித் தின்ன, தாயும் தகப்பனும் பொறுமையாக நிற்கும். என்னைக் கேட்டால் ராமிரெசியைவிட இதுவே மேல்.

1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி, இன்று நம் ஏரி குளமெல்லாம் பரவிவிட்டது. அதுபோல இன்னொன்று பரவாதிருக்க, வளர்த்து அலுத்த மீனைத் தென்பெண்ணை ஆற்றில் விடாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.