எல்லை தெரிந்த சார்பு

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு கிளினிக்கின் நோயாளிப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். புக்கிட் ரோத்தான் தோட்டத்துத் தமிழரின் பெயரில், இன்னாரின் மகன் அல்லது மகள் என்ற பொருளில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ வரும், அதையடுத்து அப்பா பெயர். தஞ்சோங் காராங் மலாய்க்காரருக்கு அதே பொருளில் ‘பின்’, ‘பிந்தி’. செகிஞ்சான் சீனருக்கோ குடும்பப் பெயர்தான் முதலில். ‘நபர்’ என்ற கிளாஸில் ‘குடும்பப்பெயர்’ என்றொரு மெத்தட் எழுதினால், தோட்டத்துத் தமிழருக்கு அது எதைத் தரும்? அவர் பெயரில் குறையில்லை. அந்தக் கேள்விதான் எல்லாருக்கும் பொருந்தாது. சில உள்ளீடுகளுக்கு மட்டும் விடை தருவதைக் கணிதத்தில் பகுதிச் சார்பு என்பார்கள்.

பொருள்நோக்கு மொழிகள் பலவும் இந்த இடத்தில் ‘நல்’ என்ற வெறுமையைத் திருப்பி அனுப்பிவிடும். 1965இல் அதை அல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோரே, 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார்.

மார்ட்டின் ஒடர்ஸ்கியின் ஸ்காலா மொழியில் பகுதிச் சார்பே ஒரு பொருள். மாறியில் வைக்கலாம், இன்னொரு மெத்தடிடம் கொடுக்கலாம். ‘இஸ்டிஃபைண்ட்அட்’ என்று கேட்டால், இந்தப் பெயர் தன் எல்லைக்குள் வருமா என்று சொல்லும். அப்பா பெயரைப் பிரிக்க ‘பின்’னுக்கு ஒன்று, ‘ஏ/எல்’லுக்கு ஒன்று என ஓரிரு வரிச் சார்புகளை எழுதி, ‘ஆர்எல்ஸ்’ கொண்டு பூச்சரம்போல் தொடுத்துவிடலாம். ஒன்று கைவிரித்தால் அடுத்தது ஏற்கும். ‘பிந்தி’ விட்டுப்போனது பிறகு தெரியவந்தால் இன்னொன்றைச் சேர்த்தால் போதும், பழைய வரிகளில் கைவைக்க வேண்டாம். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஸ்காலாவில் பகுதிச் சார்பு, சாதாரணச் சார்பின் துணைவகை. கணிதம் படித்தவருக்கு இது தலைகீழாகத் தோன்றும், நியாயம்தான். இதனால், பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் சார்பை இயக்கும் ‘மேப்’பிடம் குடும்பப் பெயர்ச் சார்பைக் கொடுத்தாலும் கம்பைலர் தடுக்காது, ஓடும்போது முதல் ‘ஏ/எல்’ பெயரிலேயே ‘மேட்ச்எரர்’ வந்து நிரல் நின்றுவிடும். ‘மேப்’பை எடுத்துவிட்டுக் ‘கலெக்ட்’ என்று எழுதுங்கள். எல்லைக்குள் வரும் பெயர்கள் மட்டும் விடை தரும், மற்றவை அமைதியாக விலகும். யாரையும் விட்டுவிடக்கூடாத பட்டியல் என்றால் ‘லிஃப்ட்’: விடை இருந்தால் ‘சம்’, இல்லாவிட்டால் ‘நன்’ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வரும்.

எல்லையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் கைத்திறன் தெரியும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. இலக்கங்களை மட்டும் எண்ணிப் பார்க்கும் சார்பு, 13ஆம் மாதம் என்று தவறாகப் பதிந்த எண்ணுக்கும் ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டு, தேதியை உருவாக்கும்போது உடைந்துபோகும். ஆகவே அந்தச் சோதனையையும் ‘கேஸ்’ வரியிலேயே ‘இஃப்’ போட்டு எழுத வேண்டும். அப்போது அந்த எண்ணும், 7 இலக்கப் பழைய அட்டை எண்ணும், பிறந்த தேதியை நேரில் கேட்டு எழுதச் சொல்லும் அடுத்த சார்பிடம் போய்ச் சேரும்.